விளக்கேற்றியது யார்?

புயல் வருவதும், விளக்கு அணைவதும், ஜனங்கள் நாட்கணக்கில் இருட்டில் கிடந்து அவதிப்படுவதும் நம் கடற்கரையோர ஜில்லாக்களுக்குப் புதிய சங்கதியல்ல. 2011 டிசம்பரில் தானே புயல் கடலூரை இருட்டாக்கிற்று. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னைப் பட்டணத்தையே இருட்டாக்கிற்று. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் கன்னியாகுமரியை இருட்டாக்கிற்று. 2018 நவம்பரில் கஜா புயல் நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை ஜில்லாக்களை இருட்டாக்கிற்று. ஒவ்வொரு தடவையும் விளக்கு மறுபடி எரியத்தான் செய்தது. எரிந்தவுடன் ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார்கள். ஆனால், அதை எரிய வைத்தவன் யார், எந்த ஊர்க்காரன், அவன் சாப்பிட்டானா, அவனுக்குக் கூலி ஒழுங்காய்க் கிடைத்ததா என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? இந்த ஒரு கேள்வியைக் கேட்பதற்காகவே, கஜா புயலை ஒட்டி நாம் செய்த ஒரு பிரயாணத்தைப் பற்றி இங்கு எழுதுகின்றோம்.

2018 நவம்பர் 18ந் தேதி ஞாயிற்றுக்கிழமை மாலை 4-30 மணிக்குப் பட்டுக்கோட்டைக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் ஒரு சுயமரியாதைத் திருமணத்தை நடத்திவைக்க ஒப்புக்கொண்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை 4-30 முதல் 6 மணி வரை ராகுகாலம் என்று பஞ்சாங்கம் சொல்லுகின்றபடியால், அந்த நேரமே வேண்டுமென்று மணமக்களே கேட்டு வைத்திருந்தார்கள். இதற்கு இரண்டு நாள் முன்னதாக, 16ந் தேதி வெள்ளிக்கிழமை நள்ளிரவுக்குப் பின், கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிவிட்டது. மணிக்கு 100 கிலோ மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் அடித்த காற்று, லட்சக்கணக்கான தென்னை மரங்களைச் சாய்த்தது; ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மின்சாரக் கம்பங்களை முறித்துப் போட்டது. மணவீட்டாருக்கு டெலிபோன் பேசிப் பார்த்தோம், மணி அடிக்கவேயில்லை. கலியாணம் உண்டா இல்லையா என்று தெரியாது. இருந்தால் நாம் போகாமல் நிற்காது. இல்லாவிட்டால் துக்கம் விசாரிக்கவாவது போகவேண்டும். ஆகவே 17ந் தேதி பகலில் திருச்சியில் பஸ் ஏறினோம்.

தஞ்சாவூர் வரையில் தொந்தரவில்லை. அதற்குத் தெற்கே போகப் போக, சாய்ந்த கம்பங்களும், ரோட்டில் தொங்கும் கம்பிகளும், தலையில்லாத தென்னைகளுமே கண்ணில் பட்டன. அன்றைய தினம் கார்த்திகை முதல் தேதி. நமக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அன்று காலையில்தான் அய்யப்பனுக்கு மாலை போட்டுக் கொண்டவர். கறுப்பு வேஷ்டி கட்டியிருந்தார். நாமும் கறுப்புச் சட்டைதான். ஆகையால் நம்மையும் ஒரு சாமி என்று எண்ணிக்கொண்டு பேச்சை ஆரம்பித்தார்.

"பொம்பளைங்கள மலைக்கு விடலாம்னு கோர்ட்டு சொல்லிப்புடுச்சு. அய்யப்பன் சும்மா இருப்பாரா? பாத்தீங்கல்ல, சாமி?" என்றார்.

எல்லா வயதுப் பெண்களும் சபரிமலைக்குப் போகலாம் என்று சுப்ரீம் கோர்ட்டார் 2018 செப்டம்பர் 28ந் தேதி சொன்ன தீர்ப்பைத்தான் அவர் குறிப்பிட்டார். நாம் அவரிடம் கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டொரு கேள்விகள் மட்டும் கேட்டோம். "தீர்ப்புச் சொன்ன கோர்ட்டு டில்லியில் இருக்கிறது. கோயில் கேரளத்து மலையில் இருக்கிறது. கோபம் வந்த சாமி இந்த இரண்டையும் விட்டுவிட்டு, வேதாரண்யத்து உப்பளக்காரன் குடிசையையும், பேராவூரணிக்காரன் தென்னந்தோப்பையும் தேடி வந்து அடிப்பானேன்? ஒருவன் வைததற்கு வேறொருவனை அடிக்கும் மனிதனை நீங்கள் என்னவென்று சொல்லுவீர்கள்?" என்று கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, "நீங்க கட்சிக்காரரா? தெரியாமப் போச்சே!" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரத்தநாட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ் நின்றுவிட்டது. ரோட்டின் குறுக்கே புளியமரங்கள் கிடந்தன. இறங்கி நடந்தோம். வளர்பிறைக் காலமானபடியால் நிலவு இருந்தது. ஆனாலும் அறுந்து கிடந்த கம்பிகளுக்கு நடுவில் நிலவை நம்பி நடக்க முடியாது. அந்த அய்யப்ப பக்தர் நமக்கு முன்னே தம் செல்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு, "இங்க கம்பி கிடக்கு, தாண்டி வாங்க" என்று சொல்லிச் சொல்லி இரண்டு மைல் தூரம் அழைத்துப் போனார். தம் பையிலிருந்த வாழைப்பழத்தில் பாதியை நமக்குக் கொடுத்தார். பிறகு மரம் அறுக்கப் போன டிராக்டர் ஒன்றில் ஏறிப் பட்டுக்கோட்டை போய்ச் சேர்ந்தோம். அந்த மனிதரின் நல்ல குணத்தை நாம் மறக்கமாட்டோம். ஆனால் அதை அவருடைய கணக்கில் எழுதுவோமேயல்லாமல், அய்யப்பன் கணக்கில் எழுதச் சம்மதிக்கமாட்டோம்.

புயலைப் பற்றிச் சாமிக்குத் தெரிந்திருந்ததோ இல்லையோ, மனிதனுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. வங்காள விரிகுடாவில் அது உருவானது முதல் வானிலைக்காரர்கள் அதை வான்கோளாலும் ராடாராலும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். முதல் நாட்களில் வடதமிழ்நாட்டுக் கரையைக் குறித்தார்கள். பிறகு அதன் போக்குத் தெற்கே திரும்பியதைக் கண்டு, கடலூருக்கும் பாம்பனுக்கும் நடுவே வரும் என்று திருத்திச் சொன்னார்கள். அவ்விதமே வந்தது. சொன்னதைத் திருத்திக்கொள்ளுவது அறிவுக்குக் குறைவல்ல. அதுதான் அறிவின் இலட்சணம். பஞ்சாங்கக்காரன் எந்தக் காலத்திலாவது தான் சொன்னது தப்பு என்று மறுநாள் திருத்திச் சொன்னதுண்டா?

இந்த எச்சரிக்கையினால் 80,000 பேருக்கு மேற்பட்டவர்கள் முன்னதாகவே முகாம்களுக்குக் கொண்டு போகப்பட்டார்கள். அப்படியும் 60 பேர் அளவில் இறந்து போனார்கள். அது பெருந்துக்கமே. ஆனால் பழைய கணக்கையும் பார்க்கவேண்டும். 1964 டிசம்பர் 22ந் தேதி இரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட ரயில், எதிரே என்ன இருக்கின்றதென்று அறியாமல் போய், நூறு பேருக்கு மேற்பட்ட பிரயாணிகளோடு கடலில் அழிந்தது. இராமேஸ்வரம் என்னும் மகா புண்ணிய க்ஷேத்திரத்துக்கு எதிரிலேயே அது நடந்தது. 1977 நவம்பரில் இதே நாகைக் கரையில் அடித்த புயலில் 500 பேருக்கு மேல் மாண்டார்கள். ஒடிசாவில் 1999ல் அடித்த புயலில் சுமார் 10,000 பேர் செத்தார்கள். அதே ஒடிசாவில் 2013ல் பைலின் புயல் வந்தபோது, முன்னதாகவே பத்து லட்சம் பேர் அளவில் அப்புறப்படுத்தப்பட்டபடியால், செத்தவர்கள் ஐம்பது பேர்கூட இல்லை. 1999ல் இருந்த பூரி ஜகந்நாதர்தான் 2013லும் இருந்தார். நடுவில் வளர்ந்தது சாமியின் கருணையா, மனிதனின் அறிவா என்று வாசகர்களே யோசித்துக் கொள்ளட்டும்.

நிற்க, பட்டுக்கோட்டைக்கு வருவோம். நம் இயக்கத்தின் பெரும் பேச்சாளர் அழகிரி அவர்களின் பெயரோடு சேர்ந்த ஊர் அது. அன்று இரவு அந்த ஊர் இருந்த நிலையை என்னவென்று சொல்லுவது? கடைகள் அடைத்துக் கிடந்தன. திறந்திருந்த ஒன்றிரண்டு கடைகளில் ஐந்து ரூபாய் மெழுகுவர்த்தி இருபது ரூபாய்க்கு விற்றது. கையில் இருந்ததோ ஒரு இரண்டாயிரம் ரூபாய் நோட்டு, மாற்றுவாரில்லை. பணம் கொடுக்கும் யந்திரத்துக்கு மின்சாரம் இல்லை. ஆகையால் பாங்கியில் பணம் உள்ளவனும் பிச்சைக்காரனும் அன்று ஒன்றே. பெட்ரோல் தரைக்கடியில் இருந்தது. அதை மேலே ஏற்றும் பம்புக்கு மின்சாரம் இல்லை. ஒரு கடைக்காரர் ஜெனரேட்டர் வைத்துக்கொண்டு, செல்பேசிக்கு மின்சாரம் ஏற்ற முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தார். அங்கே முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். ஆனால் கோபுரங்கள் செத்துக் கிடந்தபடியால், மின்சாரம் ஏற்றிய செல்பேசியைக் கொண்டும் யாரோடும் பேசமுடியவில்லை. ஒரு சினேகிதர் வீட்டுத் திண்ணையில் இரவைக் கழித்துவிட்டு, விடிந்ததும் ஒரு மோட்டார் சைக்கிளில் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

மணவீட்டின் கூரையில் பாதி போய்விட்டது. பந்தல் இருந்த இடம் தெரியவில்லை. ஆயினும் மணமகளின் தகப்பனார் நம்மைப் பார்த்து, "வந்துட்டீங்களா! அப்ப கலியாணம் உண்டு" என்றார். ஒலிபெருக்கிக்கும் விளக்குக்கும் என்று நம் தோழர்கள் புயலுக்கு முன்னமேயே மன்னார்குடியிலிருந்து வாடகைக்கு ஒரு ஜெனரேட்டர் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அதை நனையாமல் காப்பாற்றியும் வைத்திருந்தார்கள். "நாலு ஜில்லாவும் இருட்டாய் இருக்கும்போது நம் மேடையில் மாத்திரம் விளக்கு எரியும். இதைவிடப் பிரசாரம் வேண்டுமா?" என்று ஒரு தோழர் உற்சாகமாய்ச் சொன்னார். நமக்கும் அது சரியென்றே பட்டது. பட்டதை மறைக்கவேண்டியதில்லை.

அந்தச் சமயத்தில் காலனியிலிருந்து நாலைந்து பெண்கள் வெறுங்குடத்தோடு வந்து நின்றார்கள். காலனியின் மேல்நிலைத் தொட்டி இரண்டு நாளாகக் காலியாய்க் கிடந்தது. குளத்தில் மரமும் செத்த ஆடும் மிதந்தன. ஊர்த் தெருவின் கைப்பம்பில் அவர்கள் முறை வருவதற்குள் பொழுது போய்விடுகின்றதாம். அவர்களில் வயதான ஓர் அம்மாள் நம்மைப் பார்த்து, "அய்யா, பேச்சு இன்னொரு நாளைக்கிக் கேட்டுக்கிறோம். அந்த மிசினக் கொண்டாந்து தொட்டிக்குத் தண்ணி ஏத்திக் குடுங்க. புள்ளைங்க வாய் காயுது" என்றார்.

முப்பது வருஷத்துக்குப் பக்கமாக மேடையேறிப் பேசிவரும் நமக்கு, அந்த அம்மாள் சொன்னதுக்குப் பதில் சொல்ல வாயில்லை. சாமிக்குப் பாலை ஊற்றுகின்றவன், பட்டினி கிடக்கும் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாதா என்று ஊர் ஊராகக் கேட்டுவந்தோமே. நம்முடைய ஒலிபெருக்கியும் ஒரு சாமியாக ஆகிவிட்டதா என்று வெட்கப்பட்டோம். உடனே ஜெனரேட்டரை மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்த் தொட்டிப் பம்புக்கு மாட்டினோம். அன்றும் அதற்கடுத்த நாட்களிலும் டீசல் உள்ள மட்டும் அது அங்கேயே ஓடிற்று. மாலை 4-30 மணிக்குக் கூரையில்லாத வீட்டின் வாசலில் திருமணம் நடந்தது. ஒலிபெருக்கியில்லாமல் பேசினோம், பத்து நிமிஷத்துக்குள் முடித்தோம். நம் ஜீவியத்தில் நாம் பேசிய சிறிய பேச்சும் அதுதான்; நல்ல பேச்சும் அதுதான் என்று நினைக்கின்றோம்.

இதிலும் ஒரு பெரியவருக்குச் சமாதானமில்லை. "ராகுகாலத்துல கலியாணம் வெச்சீங்க, அதான் ஊரு இப்புடி ஆச்சு" என்றார். "பெரியவரே, புயல் வந்தது வெள்ளிக்கிழமை விடியற்காலம். வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரை முதல் பன்னிரண்டு வரையல்லவா? அப்போது வராமல் நல்ல நேரத்தில் வந்து ஊரை அழித்ததே, அந்த நல்ல நேரத்தை என்ன செய்யலாம்?" என்று கேட்டோம். பக்கத்தில் இருந்தவர்கள் அவ்வளவு கஷ்டத்திலும் சிரித்தார்கள்.

மறுபடி டிசம்பர் முதல் வாரத்தில், தோழர்கள் சேர்த்துக் கொடுத்த அரிசியையும் போர்வைகளையும் எடுத்துக்கொண்டு அதே ஊருக்குப் போனோம். புயலடித்து மூன்று வாரம் ஆகப்போகிறது. அன்றுதான் அந்த ஊர்ப் பெரிய தெருவுக்கு விளக்கு வந்தது. அது வந்த விதத்தை நாம் நேரில் பார்த்தோம்.

மின்சாரம் ஆகாயத்திலிருந்து வருவதல்ல. அது உற்பத்தியாகும் இடத்திலிருந்து பெரிய கோபுரங்களின் வழியாகத் துணை நிலையத்துக்கு வரவேண்டும். அங்கிருந்து 11,000 வோல்ட் கம்பியில் ஊருக்கு ஊர் போகவேண்டும். ஊர் முகப்பில் டிரான்ஸ்பார்மரில் குறைந்து வீட்டுக்கு 230 வோல்ட்டாக வரவேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் கடைசி வீட்டில் விளக்கு எரியாது. ஆகையால்தான் முதலில் கோபுரம், பிறகு துணை நிலையம், பிறகு ஆஸ்பத்திரியும் குடிதண்ணீரும், அதற்குப் பிறகு தெருக்கள் என்று வரிசையாகச் சரி செய்துகொண்டு வருகின்றார்கள். வயலின் நடுவே லாரி போகாது. கான்கிரீட்டுக் கம்பத்தைக் கயிற்றில் கட்டித் தோளில் சுமந்து, தொடையளவு சேற்றில் இறங்கி, குழி தோண்டி நிறுத்தவேண்டும். ஒரு கம்பத்துக்குப் பத்துப் பேருக்குமேல் வேண்டும். இப்படி லட்சம் கம்பம். இதற்காகத் தமிழ்நாட்டின் மற்ற ஜில்லாக்களிலிருந்தும், கேரளம் முதலான அண்டை நாடுகளிலிருந்தும் தொழிலாளர்கள் வந்து, பள்ளிக்கூடத்துத் தரையிலும் கலியாண மண்டபத்திலும் படுத்துக்கொண்டு, வாரக்கணக்கில் பாடுபட்டார்கள்.

அந்த ஊரில் கம்பம் ஏறியவர் மேற்கு ஜில்லாவிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளி. முப்பத்தைந்து வயதிருக்கும். கம்பம் சுமந்தவர்கள் காலனி வாலிபர்கள். கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு அவர் இறங்கியதும் பெரிய தெருவில் விளக்கு எரிந்தது. ஜனங்கள் குலவையிட்டார்கள், கோயில் மணியை அடித்தார்கள், ஒருவர் மாரியம்மனுக்குச் சூடம் கொளுத்தினார். ஒரு வீட்டுத் திண்ணையில் லயன்மேனை உட்காரச் சொன்னார்கள். வீட்டுக்காரர் செம்பில் தண்ணீரை எடுத்துக்கொண்டு வந்தவர், கொடுப்பதற்கு முன், "தம்பி எந்த ஊருப்பா? நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டார்.

அந்த மனிதர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "தண்ணி வேணாங்க. தாகமில்ல" என்று எழுந்துவிட்டார். கம்பம் சுமந்த பையன்களுக்கோ திண்ணையும் இல்லை. தெருவில் நிற்க வைத்துக் காகிதக் கோப்பையில் டீ கொடுத்தார்கள். அந்தக் கோப்பையும் அவர்களுக்கென்றே கடையிலிருந்து வாங்கி வந்தது.

தோழர்களே! ஒருவன் உயிரைப் பணயம் வைத்து ஏறி விளக்கைப் போடுகின்றான். அந்த விளக்கின் வெளிச்சத்திலேயே அவன் முகத்தைப் பார்த்து, நீ என்ன சாதி என்று கேட்கின்றோம். அவன் தொட்ட கம்பி வீட்டுக்குள் வரலாம்; அவன் தொட்ட செம்பு வரக்கூடாது. இருட்டில் இருந்த மூன்று வாரமும் யாருக்கும் சாதி கண்ணுக்குத் தெரியவில்லை; வெளிச்சம் வந்த மூன்றாவது நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. இப்படிப்பட்ட வெளிச்சத்தால் யாருக்கு என்ன பிரயோசனம்?

அன்று இரவு அந்த லயன்மேன் சாப்பிட்டது காலனியில். நாமும் அங்கேதான் சாப்பிட்டோம். ஒரு மண்ணெண்ணெய் விளக்கு நடுவில் இருந்தது. ஏனெனில் காலனிக்கு அன்று மின்சாரம் வரவில்லை. அதற்குப் பிறகும் பதினாறு நாள் வரவில்லை. "சார், நான் பதினோரு வருஷமா கம்பம் ஏறுறேன். நான் விழுந்து செத்தா எம் பொண்டாட்டிக்கு ஒண்ணும் வராது. ஏன்னா நான் வேலை செய்யறேங்கறதுக்கே ஒரு காகிதம் கிடையாது" என்று அவர் சாதாரணமாய்ச் சொல்லிக்கொண்டு கருவாட்டுக் குழம்பைப் பிசைந்தார்.

காலனிக்கு ஏன் கடைசியில் வந்தது என்று விசாரித்தோம். "கம்பியின் கடைசியில் இருக்கின்றது, ஆகையால் கடைசியில்தான் வரும்" என்றார்கள். இதில் பொய்யில்லை. கம்பிக்குச் சாதி தெரியாது. ஆனால் காலனியைக் கம்பியின் கடைசியில் கொண்டு போய் வைத்தது யார்? ஊருக்கு வெளியே, குளத்துக்கு அந்தப் பக்கம், சுடுகாட்டுக்குப் போகும் வழியில் அவர்களைக் குடிவைத்தது புயலா? சாதி முதலில் மனிதனை ஓரத்தில் வைத்தது. பிறகு வந்த ரோடும், குழாயும், கம்பியும் அந்தப் பழைய வழியிலேயே போய், அவனுக்கு எல்லாவற்றையும் கடைசியில் கொடுக்கின்றன. சாதியை யாரும் புதிதாய் அனுசரிக்க வேண்டியதுகூட இல்லை. பழைய வரிசைப்படி வேலை செய்தாலே போதும், அது தானாக நடந்துவிடுகின்றது.

புயல் கரையேறிய அந்த வேதாரண்யத்துக்கு ஒரு புராணம் உண்டு. திருவாரூர் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு என்று நம்மவர் சொல்லுவார்கள். அந்தக் கோயிலில் அணையப் போன விளக்கில் நெய் குடிக்க ஓர் எலி வந்ததாம். அதன் மூக்குப் பட்டுத் திரி தூண்டப்பட்டு விளக்கு நன்றாய் எரிந்ததாம். தெரியாமல் செய்த அந்தப் புண்ணியத்துக்காக, அந்த எலி மறுபிறவியில் மூவுலகத்தையும் ஆளும் மாவலிச் சக்கரவர்த்தியாய்ப் பிறந்ததாம். (அந்த மாவலியையும் பிறகு மூன்றடி மண் கேட்டுத் தலையில் கால் வைத்து அழுத்தியது வேறு கதை.) திருட்டு நெய்க்காக மூக்கை நீட்டிய எலிக்கு மூவுலகம் கூலி! தெரிந்தே, செய்யவேண்டுமென்றே, முப்பதடிக் கம்பத்தில் ஏறி ஊருக்கெல்லாம் விளக்குப் போட்டவனுக்குத் தினக்கூலி. ஒரு செம்புத் தண்ணீரும் இல்லை! இந்தப் புராணத்தைக் கேட்டு வளர்ந்த ஜனங்களுக்கு, விளக்குப் போட்டவனுக்கு நன்றி சொல்லத் தோன்றாததில் ஆச்சரியம் என்ன?

அதே நவம்பர் 23ந் தேதி, புயலடித்து ஏழாம் நாள், கார்த்திகை தீபம். நாலு ஜில்லாக்களில் பிள்ளை பெற்ற வீட்டிலும் பிணம் கிடந்த வீட்டிலும் ஒரு விளக்குக்கு வழியில்லாதபோது, திருவண்ணாமலை உச்சியில் வழக்கம்போல் தீபம் ஏற்றப்பட்டது. அதற்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான கிலோ நெய் ஆகின்றதென்று பத்திரிகைகளே எழுதுகின்றன. பல மைல் தூரத்துக்குத் தெரியும் என்கின்றார்கள். பட்டுக்கோட்டைக்குத் தெரியவில்லை, தெரிந்திருந்தாலும் அதைக் கொண்டு ஒரு தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றியிருக்க முடியாது.

இனி, புயலுக்குப் பின் பிரயாணம் செய்ய நேருகின்றவர்களுக்கு நம் அனுபவத்திலிருந்து சில வார்த்தைகள். சகுனம் பார்ப்பதற்குப் பதில் வானிலை அறிக்கையைப் பாருங்கள். பத்து, இருபது ரூபாய் நோட்டுகளாகக் கையில் பணம் வைத்துக்கொள்ளுங்கள். போகவேண்டிய இடத்தின் விலாசத்தையும் நாலு பேருடைய நம்பரையும் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். செல்பேசி அணைந்தால் அதிலுள்ளதெல்லாம் அதோடு போய்விடும். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். ஊரெல்லாம் இருட்டாயிருக்கின்றதே என்று எண்ணி, கீழே கிடக்கும் கம்பியைத் தொடாதீர்கள். எப்போது மின்சாரம் வரும் என்று கம்பி சொல்லாது. ஜெனரேட்டரை வீட்டுக்குள் வைத்து ஓட்டாதீர்கள். நிறமும் வாசனையும் இல்லாத விஷவாயு அதிலிருந்து வந்து, தூங்குகின்றவர்களைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். முக்கியமாக, தெருக் கம்பியோடு உள்ள இணைப்பைத் துண்டிக்காமல் ஜெனரேட்டரை வீட்டு வயரில் மாட்டாதீர்கள். அந்த மின்சாரம் பின்புறமாகத் திரும்பி டிரான்ஸ்பார்மருக்குப் போய், ஆயிரக்கணக்கான வோல்ட்டாகப் பெருகி, கம்பத்தின் மேல் உங்களுக்காக வேலை செய்துகொண்டிருப்பவனைக் கொன்றுவிடும். உங்கள் வீட்டு விசிறி ஒருவனுடைய உயிருக்கு விலையாகக் கூடாது.

கடைசியாக நாம் கேட்பதெல்லாம் மூன்றுதான். முதலாவது, கம்பம் ஏறுகின்ற ஒவ்வொருவனுக்கும், நிரந்தரக்காரன் ஒப்பந்தக்காரன் என்ற பேதமில்லாமல், அவன் வேலை செய்கின்றான் என்பதற்கு அத்தாட்சியும், விழுந்தால் குடும்பத்துக்கு ஆதரவும் வேண்டும். இரண்டாவது, அடுத்த புயலுக்குப் பின் தெருக்களுக்கு விளக்குப் போடும்போது, காலனித் தெருவையும் பெரிய தெருவையும் ஒரே நாளில் முடிக்கும்படி முன்னதாகவே திட்டம் போடவேண்டும். காலனித் தொட்டிக்கு ஜெனரேட்டர் முதலில் போகவேண்டும். இவை சர்க்கார் செய்யவேண்டியவை. மூன்றாவது நாம் ஒவ்வொருவரும் செய்யவேண்டியது. அதற்குச் சட்டமும் வேண்டாம், செலவும் இல்லை. இனி எந்த ஊரில் விளக்கு அணைந்து மறுபடி எரிந்தாலும், எரிந்தவுடன் வானத்தைப் பார்த்துக் கும்பிடாமல் கம்பத்தைப் பாருங்கள். அங்கே ஒரு மனிதன் இருப்பான். அவன் இறங்கி வந்ததும், ஒன்றும் கேட்காமல் ஒரு செம்புத் தண்ணீர் கொடுங்கள்.